முதுகில் இரண்டு மஞ்சள் பொத்தான்கள்

மனித அறிவின் தீபம் அணையாமல் காப்பதற்கு வரலாறு மிகச் சிலரையே தேர்ந்தெடுக்கிறது. ஜார்கெந்த் நகரில் அது தோக்தாரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அன்று காலை அவர் அந்தத் தீபத்தை ஏந்தி எங்களுக்கு அனுப்பிவைத்தது, கண்ணாடிக் குடுவைக்குள் தானாகவே இறங்கி உட்கார்ந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் முழிக்கும் ஒரு பூனையின் படம்.

படத்துக்குக் கீழே வழக்கம்போல ஒரே சொல்: "சூயின்ஷி!"

எங்கள் பக்கத்தில் நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவன் வாசலில் நின்றபடியே இப்படிக் கூவுவான். கேட்கிறவன் ஏதாவது பரிசு கொடுத்துத்தான் சேதியை வாங்க வேண்டும். பிள்ளை பிறந்தால், தொலைந்த குதிரை கிடைத்தால், ராணுவத்துக்குப் போன மகன் ரயிலை விட்டு இறங்கினால் என்றிருந்த வழக்கத்தைக் குடுவைப் பூனை வரைக்கும் நீட்டிய பெருமை தோக்தாரையே சேரும். முதலில் விளையாட்டாகக் கொடுத்தோம். பிறகு கொடுக்காமல் இருக்க முடியவில்லை. பியானோ மேல் நடக்கும் கோழிக்கு ஆப்பிள் ஜாம், மனிதக் கை மாதிரி விரல்விட்ட கேரட்டுக்குக் காய்ந்த பாலாடைக்கட்டி என்று போய்க்கொண்டே இருந்தது. "உங்க கோழியும் பூனையும் சேர்ந்து என் அலமாரில கால் வைக்க எடமில்லாம பண்ணிருச்சுங்க" என்பாள் அவர் மனைவி குல்ஷாத். ஆனால் ஜாமைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

தோக்தார் மாவட்டப் பண்பாட்டுத் துறையில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்ற சொல்லை அவர் ஏற்பதில்லை. பணி வேறு தளத்துக்கு மாறியிருக்கிறது என்பார். அந்தத் தளம், மகன் தௌலெத்தின் கல்யாணத்துக்கு யார் எத்தனை தட்டு கொண்டுவருவது என்று பேசுவதற்காக உறவுக்காரர்கள் கைபேசியில் ஆரம்பித்த குழு. கல்யாணம் முடிந்ததும் அதைக் கலைத்திருக்க வேண்டும். தோக்தார் அதற்கு 'உலக அறிவு மாளிகை' என்று பெயர் மாற்றிவிட்டார். மாளிகையை விட்டு யாரும் வெளியேற முடியாது. ஒரு முறை மருமகள் முறைப் பெண்ணொருத்தி வெளியேறிவிட்டு, போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றாள். தோக்தார் துக்கம் விசாரிப்பதுபோல அவள் வீட்டுக்கே போய், டீ குடித்து, அவளைத் திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் வந்தார்.

மாளிகையில் அவர் மனத்தை உறுத்திய ஒரே ஆள் சம்பந்தி எசென். மருமகள் ஜனாரின் அப்பா. பக்கத்துக் கிராமத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர், எருதை ஒற்றைத் தோளால் நகர்த்தக்கூடிய ஆகிருதி. மாளிகையில் அவர் இதுவரை அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: எங்கோ ஒரு ஊரில் கன்றுக்குட்டி ஒன்று பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பேருந்துக்குக் காத்திருக்கும் படம். எழுத்து ஏதும் இல்லை, சூயின்ஷி கேட்கவில்லை. அதற்கு விழுந்த சிரிப்பு முகங்கள் தோக்தாரின் ஒரு குளிர்காலம் முழுவதற்கும் விழவில்லை. அதன் பிறகு அவர் கன்றுக்குட்டிகளை அறிவுத்துறையில் சேர்ப்பதில்லை.

இந்த நிலையில்தான் பேரன் சான்ஜார் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

குழந்தை நடக்கத் தொடங்கினால் கால்கயிறு வெட்ட வேண்டும். கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கணுக்கால்களில் தளர்வாகக் கட்டி, உறவையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்து, ஒருவர் கையால் வெட்டிவிட்டால் பிள்ளை நடக்கும். வெட்டியவரின் நடையும் குணமும் பிள்ளைக்கு வரும் என்பதால் அந்த ஆளைப் பொண்ணு பார்ப்பதுபோலப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டீ மேசையில் பேச்சைத் தொடங்கியது ஷோல்பான் அக்கா. தோக்தாரை 'டேய்' என்று கூப்பிட உரிமையுள்ள கடைசி ஜீவன்.

"கயிறு யாரு வெட்றது?"

"ஜனாரோட அப்பாவைக் கேக்கலாம்னு இருக்கேன் அண்ணி" என்றாள் குல்ஷாத். "அவசரப்படாத மனுஷன். நடையும் நல்ல நடை."

டீயில் பால் விட்டுக்கொண்டிருந்த ஜனார் தலை நிமிரவில்லை. ஆனால் ஷோல்பான் அக்காவின் கோப்பையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பால் விழுந்தது.

தோக்தார் தொண்டையைச் செருமினார். "எசென் நல்ல மனுஷன்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. மாட்டு வைத்தியர். நம்ம பையன் காலமெல்லாம் மாட்டுக்குப் பின்னாடியே நடக்கணுமா?"

"உன்ன மாதிரி போனைப் பாத்துக்கிட்டே நடந்து வாய்க்கால்ல விழறதுக்கு மாட்டுக்குப் பின்னாடி நடக்கலாம்டா."

"அது வாய்க்கால் இல்லக்கா. பள்ளம்."

"தண்ணி இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார் தோக்தார். "விஷயம் அதில்ல. பையன் எந்தக் காலத்துல நடக்கப் போறான்? அறிவுக் காலத்துல. உலகத்துல எந்த மூலைல என்ன அதிசயம் நடந்தாலும் முதல்ல கண்டுபிடிச்சு நாலு பேருக்குச் சொல்ற ஆளுதான் அவன் கால்கயித்தை வெட்டணும். நான் என்னைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்."

"நம்ம வீட்ல அந்தப் பொது ஆளு யாரு?"

"போட்டி வெச்சிடலாமே. விருந்தன்னைக்கு டிவில போட்டுக் காட்டலாம். யாரு கொண்டுவர்ற அதிசயம் பெரிசோ அவங்க வெட்டட்டும். சபையே தீர்ப்புச் சொல்லட்டும்."

குல்ஷாத் மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். ஷோல்பான் அக்கா முந்திக்கொண்டாள். "வெக்கட்டும் குல்ஷாத். சும்மா தின்னுட்டுப் போறதுக்கு இது பரவால்ல."

ஜனார் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா போட்டியென்று வந்து நிற்கிற ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும். தன் பிள்ளை இனி வாழ்நாள் முழுக்க 'சூயின்ஷி' என்று கூவிக்கொண்டு திரியப் போகிறான் என்றும் தெரிந்துவிட்டது. சமையலறையில் பாத்திரங்கள் அன்று கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

வெற்றி வாசனை தட்டினால் தோக்தார் ஒரு கதை சொல்வார். அன்றும் சொன்னார். "கேக்கறதுக்கும் ஒரு தகுதி வேணும். அங்கிகள் விக்கிற கடையை நம்ம ஒண்ணுவிட்ட தம்பி தொறந்தான் பாருங்க, தௌலெத் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னாடி... அன்னைக்கு அங்க ஒரு பெரியவரப் பாத்தேன். வெல்வெட் அங்கி, நரித்தோல் தொப்பி, வெள்ளைத் தாடி. வாசலுக்கு எதிர்ல மரியாதை எடத்துல உக்காந்திருந்தார். கையக் குடுத்து நலம் விசாரிச்சேன். உலக விஷயமெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒரு வார்த்தை குறுக்க பேசணுமே? கண்ணக்கூட அசைக்கல. அவ்வளவு ஆழம்! எந்த வம்சம்னு கேட்டேன், அதையும் சொல்லல. பெரிய வம்சமாத்தான் இருக்கணும், அதான் அடக்கம்."

"அந்த மாதிரி மனுஷங்க இப்ப எங்க கெடைக்கிறாங்க" என்று கதையின் கடைசி வரியை ஷோல்பான் அக்காவே சொல்லி முடித்தாள். எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

மறுநாளிலிருந்து தோக்தார் வேட்டையில் இறங்கினார். குடை பிடித்து நடக்கும் நாய் வந்தது; குழந்தைத்தனம் என்று ஒதுக்கினார். கதவைத் தட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும் காக்கை வந்தது; காக்கை நல்ல சகுனமா என்று தெரியாததால் அதையும் விட்டார். சாப்பாடு கட்டிலுக்கே வந்தது. ஒரு மத்தியானம் அவர் அறையிலிருந்து குதிரை கனைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டு ஜனார் ஓடினாள். மாமனார் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாம்மா. இதுக்குக் கீழ வேத்து மொழில என்ன எழுதியிருக்கான், படிச்சுச் சொல்லு."

ஒரு சிறிய வீடியோ. ஒரு ஆளின் முதுகு மட்டும் தெரிகிறது. எதிரே நாற்காலியில் அங்கி போர்த்திய ஒரு கடைப் பொம்மை. அதன் மடியும் விறைத்த கைகளும்தான் திரைக்குள் அடங்கியிருந்தன. அந்த ஆள் பொம்மையின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்குகிறார், குனிகிறார், நெஞ்சில் கை வைக்கிறார், மறுபடி குலுக்குகிறார். பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு யாரோ கழுதை கத்துவதைச் சேர்த்திருந்தார்கள்.

"'இந்த ஆளு ரொம்ப நேரமா கடைப் பொம்மைகிட்ட நலம் விசாரிச்சுக்கிட்டு இருக்காரு'ன்னு எழுதியிருக்கு மாமா" என்றாள் ஜனார்.

"எந்த நாட்டு முட்டாளோ!" என்று தொடையில் தட்டினார் தோக்தார். மறுபடி ஓடவிட்டார். மூன்றாம் தரம் சட்டென்று நிறுத்தினார். அந்த ஆளின் சாம்பல் நிறக் கோட்டின் முதுகில் இடுப்பளவில் ஓர் அரைப்பட்டை, அதில் இரண்டு பெரிய மஞ்சள் பொத்தான்கள்.

அந்தக் கோட்டு அவருக்குத் தெரியும். கல்யாணத்தில் சம்பந்திக்குக் கோட்டு போர்த்துவது முறை. யாரோ ஒரு கல்யாணத்தில் தனக்கு வந்த கோட்டைத்தான் தோக்தார் எசெனுக்குக் கொடுத்தார். அதில் தப்பில்லை, எங்கள் ஊரில் கோட்டுகள் அப்படித்தான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும். பொத்தான்கள் மேலே தெரியும்படி தன் கையாலேயே மடித்து வைத்தது நன்றாக நினைவிருந்தது. நடுவில் ஒரு குளிர் நாளில் அதைத் தானும் போட்டுக்கொண்டு போனது நினைவில் இல்லை. ஒரு நாள் போட்டதையெல்லாம் போட்டதாக அவர் வைத்துக்கொள்வதில்லை.

"சம்பந்தி!" என்றார் தோக்தார், திரையைப் பார்த்து, மிக மென்மையாக.

"மாமா, இது வேண்டாம் மாமா."

"எதும்மா?"

"இதைக் காட்ட வேண்டாம். நல்லா இருக்காது. அந்தக் குடுவைப் பூனை எவ்வளவு அழகா இருந்துச்சு? அதைப் போடுங்க."

தோக்தார் கண்ணாடியைக் கழற்றினார். "உன் மனசு புரியுதும்மா. பெத்த அப்பாவை எப்படி விட்டுக்குடுப்ப? ஆனா அறிவுக்குச் சொந்தபந்தம் கெடையாது."

"மாமா, அது எங்கப்பா இல்ல. அது வந்து..."

"முதுகைப் பாத்துச் சொல்றியா?"

"ஆமா மாமா." தினமும் காலையில் அந்த முதுகு வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறவள் அவள். வலது தோள் கொஞ்சம் தூக்கியிருக்கும்.

"மக கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்" என்று தோக்தார் முடித்துவிட்டார்.

'அது நீங்கதான்' என்று மாமனார் முகத்துக்கு நேரே ஒரு மருமகள் எப்படிச் சொல்வது? சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். தௌலெத் வீடியோவை ஒரு முறை பார்த்தான், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான், பிறகு தேறி உட்கார்ந்தான்.

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள் ஜனார்.

"நானா? எங்கப்பாகிட்ட நீங்க தப்புன்னு சொன்னவன் ஆபீஸ்லயே ஒருத்தன்தான் இருந்தான். அவனை மலையடிவாரத்து நூலகத்துக்கு மாத்திட்டாரு. அங்க புத்தகமே கெடையாது."

இதற்கிடையில் தோக்தார் அந்த வீடியோவின் நீளமான வடிவத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். கழுதை முன்பகுதியில் மட்டும்தான் இருந்ததாம், பிறகு உண்மையான பேச்சே கேட்குமாம். ஆய்வாளனுக்கு மூலம் முக்கியம். ஆனால் முழுதாகப் பார்க்கவில்லை. சபையோடு சேர்ந்து தானும் முதல் முறையாகச் சிரிக்க வேண்டும் என்று ஒரு கலைஞனுக்குரிய கட்டுப்பாட்டோடு வைத்திருந்தார்.

விருந்தன்று கூடத்தில் நீளமாக விரிப்புப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். எண்ணெயில் பொரித்த பாவுர்சாக் உருண்டைகள் நடுவில் குவிந்து கிடந்தன. எசென் வாசலில் பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தார். நேராக வந்தால் நிலைப்படி இடிக்கும். கையில் குதிரைக்கறித் தொத்திறைச்சி, தோளில் பழைய தோல் மேலாடை.

"சம்பந்தி, நாங்க போர்த்தின கோட்டைப் போட்டுக்கிட்டு வரலியா?" என்றார் தோக்தார், ஒன்றும் தெரியாதவர் போல.

"அதைப் பத்திரமா வெச்சிருக்கேன் சம்பந்தி."

"போட்டிருக்கீங்கல்ல?"

எசென் கொஞ்சம் யோசித்தார். "முயற்சி பண்ணியிருக்கேன்" என்றார்.

கறி தின்று, சூப் குடித்து, சான்ஜாரை நடுவில் வெள்ளைத் துணிமேல் உட்காரவைத்து ஜனார் அவன் காலில் கயிற்றைக் கட்டினாள். அவன் கயிற்றைத் தின்னப் பார்த்தான். தட்டில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது. தோக்தார் எழுந்து, அறிவு என்பது என்ன, அதை யார் யாரெல்லாம் கைவிட்டார்கள் என்று பேசினார். பேச்சின் நடுவில் இரண்டு பேர் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பியே வந்துவிட்டார்கள்.

முதலில் எசெனின் முறை. "என்கிட்ட பெரிசா எதுவும் இல்ல" என்று அவர் காட்டியது, ஒரு வாத்து தன் குஞ்சுகளோடு சாலையோரம் வந்து, விளக்கு பச்சையாகும்வரை நின்று, பிறகு கடந்துபோகும் காட்சி. எல்லோரும் "அடடா" என்றார்கள். கடைசிக் குஞ்சு நடைபாதை ஏற முடியாமல் தவித்தபோது ஷோல்பான் அக்கா "தூக்கிவிடுங்கடா அதை" என்று டிவியை அதட்டினாள்.

"வாத்து" என்றார் தோக்தார் பெருந்தன்மையாக. "நல்லது. இப்ப மனுஷனுக்கு வருவோம்."

திரையில் முதுகு வந்தது. கழுதை கத்தியது. பொம்மையின் கையை அந்த ஆள் இரண்டாம் முறை குலுக்கியபோது கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. ஒரு கிழவருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியிருந்தது. ஜனார் மட்டும் பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோக்தார் நிறுத்தினார்.

"இது எந்த நாடுன்னு நெனைக்கிறீங்க? தூரமெல்லாம் இல்ல. இந்தக் கோட்டைப் பாருங்க. இந்த ரெண்டு பொத்தானைப் பாருங்க. இந்தக் கோட்டு இப்ப யார் வீட்ல இருக்கு?"

குல்ஷாத் வாயில் கை வைத்தாள். "அது நாம சம்பந்திக்குக் குடுத்ததுல்ல?"

எல்லாத் தலைகளும் எசென் பக்கம் திரும்பின. எசென் திரையைப் பார்த்தார். தோக்தாரைப் பார்த்தார். வலது தோளைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு, தலை குனிந்திருந்த தன் மகளைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "நான்தான்."

"நீங்களா?" என்றாள் ஷோல்பான் அக்கா. "உங்க முதுகு அந்த டிவில அடங்காதே!"

"அப்ப மெலிஞ்சிருந்தேன்."

"எப்ப? பொறந்தப்பவா?"

"விடுக்கா" என்றார் தோக்தார். வென்றவனுக்குள்ள கனிவு அவர் முகத்தில் பரவியது. "சம்பந்தி ஒத்துக்கிட்டாரே, அதுவே பெரிய மனசு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் உலக அனுபவம் ஒரே மாதிரி இருக்காது. பொம்மைக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியறதுக்கும் ஒரு பயிற்சி வேணும். மிச்சத்தையும் பாருங்க, சத்தத்தோட."

மறுபடி ஓடவிட்டார். கழுதை ஓய்ந்தது. ஒரு குரல், சற்றே தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக:

"உடம்பு நல்லா இருக்கா? வீட்ல நல்லா இருக்காங்களா? ஆடு மாடெல்லாம் நல்லா இருக்கா? பிள்ளைங்க? குளிர் எப்படி?"

எங்கள் நலம் விசாரிப்பில் பதிலுக்கு நிற்கிற வழக்கமில்லை. கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், எதிராளியும் கேட்டுக்கொண்டே இருப்பார். எதிராளி ஒன்றுமே சொல்லாவிட்டாலும் வேகத்தில் தெரியாது.

"நம்ம வம்சத்தைச் சொல்லிடறேன், உறவு வந்தாலும் வரலாம்" என்றது குரல். "சாகெய் மகன். சாகெய், பெக்போல் மகன். பெக்போல், தூமென் மகன்..."

ஏழு தலைமுறை முன்னோர் பெயரைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் இனிப்புக் கிடையாது. அதனால் பெயர்கள் காதில் விழுந்ததும் கூடத்தில் இருந்தவர்களின் உதடுகள் தாமாகவே அசைய ஆரம்பித்தன. "தூமென், கோஷன் மகன்" என்று பின்வரிசையில் யாரோ கூடவே முணுமுணுத்தார்கள். "கோஷன், இஸ்காக் மகன்" என்றாள் ஷோல்பான் அக்கா, கண்ணை மூடி. ஆறாவது பெயரில் அவள் கண் திறந்தது. ஏழாவது பெயரைத் திரையிலிருந்த குரல் மட்டும் தனியாகச் சொன்னது.

எசென் வேறு வம்சம். அவருடைய ஏழு பேரும் வேறு ஏழு பேர்.

தோக்தார் ரிமோட்டை அழுத்தினார். அவசரத்தில் சத்தம் கூடிவிட்டது.

"தோக்தார்னு பேரு" என்று முழங்கியது டிவி. "மாவட்டப் பண்பாட்டுத் துறைத் துணைத் தலைவர். மூணு பாராட்டுப் பட்டயம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்... பேசவே மாட்டேங்கறீங்களே? பரவால்ல, பரவால்ல. கேக்கறதும் ஒரு கலை. அந்த மாதிரி மனுஷங்க இப்ப எங்க கெடைக்கிறாங்க!"

தௌலெத் எழுந்து போய் டிவியின் ஒயரைப் பிடுங்கினான்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க எவ்வளவு பாடுபட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஒருவர் வாய் நிறையப் பாவுர்சாக்கை அடைத்துக்கொண்டார். சான்ஜார் மட்டும் அணைந்த திரையைப் பார்த்துக் கை தட்டினான்.

"டேய்" என்றாள் ஷோல்பான் அக்கா, கடைசியில். "அந்த ஆழமான பெரியவர் இந்தப் பொம்மைதானா?"

தோக்தார் ரிமோட்டை விரிப்பின்மேல் வைத்தார்.

"அப்ப சம்பந்திக்குப் போர்த்தினது நீ போட்டுக் கழிச்ச கோட்டா?"

"ஒரு நாள்தான்க்கா போட்டேன்" என்றார் தோக்தார். அவர் குரல் அவ்வளவு சிறியது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எசென் மெதுவாக முழங்காலை மடக்கி முன்னால் நகர்ந்தார். "அதுல என்ன இருக்கு. பொம்மைக்கே இவ்வளவு மரியாதை குடுக்கற மனுஷன். பையனுக்கு அதுல பாதி வந்தாப் போதும். சம்பந்தி, கத்தரிக்கோலை எடுங்க. நீங்களே வெட்டுங்க."

ஜனார் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். என்ன இப்படிச் சொல்கிறார் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

தோக்தார் கத்தரிக்கோலை எடுத்தார். பேரனின் காலைப் பார்த்தார், கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கயிற்றைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உரை வருகிறது என்று நாங்கள் கால்களை மாற்றிப் போட்டு உட்கார்ந்தோம். கத்தரிக்கோலைத் திருப்பி, பிடி எசென் பக்கம் வரும்படி, இரண்டு கைகளாலும் குனிந்து நீட்டினார்.

"நீங்க வெட்டுங்க சம்பந்தி. ஆழமான ஆளு நீங்கதான்."

எசென் வெட்டினார். சான்ஜார் எழுந்து, ஆடி, நாலு எட்டு வைத்து, கறித் தட்டுக்குள் உட்கார்ந்தான். ஜனார் அவனைத் தூக்கித் துடைக்கும்போதுதான் முதல் சிரிப்பு வெடித்தது. அதைச் சாக்காக வைத்து நாங்கள் எல்லோரும் சிரித்து முடித்தோம். தோக்தாரும் கொஞ்சம் சிரித்தார். அவருக்கு எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமலில்லை.

அதன் பிறகு உலக அறிவு மாளிகை சில நாள் பூட்டியே கிடந்தது. உலகத்தில் எந்தப் பூனையும் எந்தக் குடுவைக்குள்ளும் இறங்கவில்லை. பிறகு ஒரு காலையில் எசென் ஒரு படம் அனுப்பினார். சான்ஜார் யார் கையையும் பிடிக்காமல், எசென் வீட்டு ஆப்பிள் மரத்தடியில், ஒரு கன்றுக்குட்டியின் பின்னால் நடந்துகொண்டிருந்தான். கீழே, அவர் வாழ்நாளில் முதல் முறையாக, "சூயின்ஷி!"

வெகுநேரம் கழித்துத் தோக்தார் எழுதினார்: "என்ன வேணும் சம்பந்தி?"

"ஒரு கோட்டு. கொஞ்சம் பெரிய அளவா."

அன்று மத்தியானமே தோக்தார் ஒன்றுவிட்ட தம்பியின் அங்கிக் கடைக்குப் போனார். ஊரில் அவ்வளவு பெரிய அளவு வேறெங்கும் கிடைக்காது. கடைப் பெண் இருப்பதிலேயே பெரியதை எடுத்துக் காட்டினாள். அவர் முதுகுப் பக்கம் திருப்பிப் பார்த்தார், பொத்தான் எதுவும் இல்லை, புதிதுதானா என்று இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். வெல்வெட் அங்கியும் நரித்தோல் தொப்பியுமாகப் பொம்மை அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கிளம்பும்போது வழக்கப்படி கடையில் இருந்த எல்லோரிடமும் கைகொடுத்து விடைபெற்றார். பொம்மையிடமும்.